அண்ணியின் மூன்று கட்டைச் சுருதி

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கேசட் கடையில், கடைக்காரர் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, புதிய கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டு பட்டனை அழுத்திய அந்த நொடி எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. அண்ணி கண்ணாடி மேசையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தார். தலையில் மல்லிகைப்பூ. அன்றைக்கென்று எடுத்துக் கட்டிய மாம்பழ நிறப் புடவை. வெளியே பேருந்துகளின் இரைச்சலையும் மீறிப் புல்லாங்குழல் எழுந்தது, பிறகு டோலக், பிறகு பெண் குரல். அது அண்ணி மெட்டமைத்த பாட்டு. அண்ணி பாடிப் பதிவு செய்துவிட்டு வந்த பாட்டு. ஆனால் அந்தக் குரல் அண்ணியுடையது இல்லை.

முதல் சரணம் வரைக்கும் அவர் அசையவில்லை. நான் கடைக்காரரிடம் நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினேன். அண்ணி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒரு பக்கம் முழுவதையும் நின்றபடியே கேட்டார். முடிந்ததும், "அடுத்த பக்கம் போடுங்கண்ணா" என்றார். அதையும் கேட்டார். கடைசியில் புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நல்லாத்தான் பாடிக்கீறாங்க தம்பி. நான் மூச்சு வாங்கின எடத்துல கூட அப்படியே மூச்சு வாங்கிக்கீறாங்க."

கேசட்டின் அட்டையை நான் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணியின் பெயர் எங்கேயும் இல்லை.

என் அண்ணன் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் ஒரு மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தார். கீபோர்டு அவர், டோலக் நான், பாட இரண்டு ஆண்கள், ஒரு பெண். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, அரசியல் கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை போய் வாசிப்போம். பாடிக்கொண்டிருந்த பெண் திருமணமாகி வெளியூர் போய்விட்டதும், ஒரு வரவேற்பைச் சமாளிக்க அண்ணன் வீட்டிலேயே ஆளைத் தேடினார். அண்ணி திருப்போரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நாற்று நடும்போது பாடிப் பழகியவர், மைக்கைத் தொட்டதில்லை. முதல் நாளே பயமில்லாமல் பாடினார். ஆனால் அவர் குரல் சினிமாப் பாடகிகளின் குரல் மாதிரி மெல்லிசாக இருக்காது. அடிவயிற்றிலிருந்து வரும், கனமான குரல்.

ஆர்மோனியக் கட்டைகளை எண்ணித்தான் நாங்கள் சுருதியைச் சொல்வோம். ஆண்கள் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. அண்ணிக்குச் சுகமாக வருவது மூன்று. சினிமாப் பாட்டை மூன்றில் பாடினால் ஜனம் ஒத்துக்கொள்ளாது என்று அண்ணன் அவரை ஐந்துக்கு இழுத்தார். மேல் ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைக்க அவர் பாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முன்வரிசையில் யாராவது, "இன்னாபா, ஆம்பள பாடற மாதிரி கீது" என்பார்கள். குழுவில் நாங்களும் சிரித்திருக்கிறோம். நான் சிரித்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

சமையலறையில் வேறொரு அண்ணி இருந்தார். அரிசி களையும்போதும் மாவு அரைக்கும்போதும் தானாகவே மெட்டுக் கட்டிப் பாடுவார். அண்ணன் அதற்கு வரிகள் எழுத ஆரம்பித்தார். இரண்டு வருடத்தில் எட்டுப் பாட்டுகள் சேர்ந்தன. அதில் ஒன்று, மறைமலைநகர் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. 'ஏழே கால் வண்டி இன்னும் வரலியே, தலைக்குக் குளிச்ச ஈரம் காய்ஞ்சு போச்சே' என்று தொடங்கும். நான் அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஏழே கால் வண்டியில் தினமும் போகிறவன். அந்தப் பாட்டு என்னைப் பார்த்துப் பிறந்தது என்று அண்ணி கிண்டல் செய்வார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கேசட் கம்பெனிகளுக்கு நாட்டுப்புற மெட்டில் புதுப் பாட்டுகள் வேண்டியிருந்தன. அண்ணன் எட்டுப் பாட்டையும் வீட்டு டேப்பில் பதிந்து சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். ஒரே வாரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, நான்தான் அண்ணியுடன் போனேன். குளிரூட்டிய அறை, காதை மூடும் ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்குள் எட்டுப் பாட்டையும் பாடிவிட்டார். இரண்டே இரண்டு இடத்தில்தான் திரும்பப் பாட வேண்டியிருந்தது. கண்ணாடி அறையில் நின்றிருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் ஒலிப்பதிவாளரின் உதவியாளர் டேப் பெட்டியின் மேல் 'ட்ராக்' என்று எழுதுவதைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். "மெயின் வாய்ஸ் அடுத்த வாரம் வந்து பாடுவாங்க. அவங்க கேட்டுப் பழகறதுக்காக இது. உங்களுக்குச் சொல்லலியா?" என்றார் அவர். கம்பெனி முதலாளி அன்று அங்கே இல்லை. அண்ணி வெளியே வராந்தாவில் இளநீர் குடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசினார். அட்டையில் என்ன படம் போடுவார்கள், திருப்போரூரில் யார் யாருக்கு முதலில் கேசட் கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. உதவியாளருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், முதலாளி கேட்டுவிட்டு மனம் மாறலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு மாதம் அதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு நடமாடினேன். அதற்கப்புறம்தான் அந்தக் கேசட் கடை.

அண்ணன் சென்னைக்குப் போய்ச் சண்டை போட்டார். முதலாளி கோபப்படவே இல்லையாம். "பாட்டு பிரமாதம் சார். குரல் விக்காது. பொம்பள குரல்னா பொம்பள குரலா இருக்கணும்" என்றாராம். அண்ணன் அதை வீட்டில் வந்து சொன்னபோது அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தவில்லை. நாங்கள் நினைத்தோம், இனி பாடவே மாட்டார் என்று. அன்று மாலையே குழுவின் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து, "இன்னா பாத்துக்கினு கீறீங்க? ஆரம்பிங்க" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. எங்களுக்கு வாசிக்க வேலையில்லை, கல்யாண மண்டபங்கள் காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார், "மண்டபம் சும்மாத்தான கீது. நாமளே ரெக்கார்டிங் பண்ணா இன்னா?" அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. புதிதாக ஆறு பாட்டுக்கு மெட்டு வைத்திருந்தார். பழைய எட்டில் ஏழு பாட்டைக் கம்பெனிக்கே விட்டுவிட்டார். ஏழே கால் வண்டியை மட்டும் விட மாட்டேன் என்றார். அந்தப் பாட்டைக் கம்பெனி கேசட்டில் வேறு வரிகள் போட்டு, கிராமத்துக் காதல் பாட்டாக மாற்றியிருந்தார்கள். பேருந்தே அதில் வரவில்லை.

எங்களுக்கு மைக் செட் போடும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் நான்கு தடத்தில் பதியும் பழைய கருவி ஒன்று இருந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறையைத் தேர்ந்தெடுத்தோம். எதிரொலி கேட்காமல் இருக்க, மண்டபத்து மெத்தைகளையெல்லாம் சுவரோடு நிறுத்திக் கயிற்றால் கட்டினோம். நானும் அண்ணியும் ஒரு மெத்தையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ட்ராக் விஷயம் அன்றைக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மெத்தையைக் கீழே வைத்தார்.

"பஸ்ஸுல வரும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"அதான் ஊமையாட்டம் வந்தியா. நான் கூட வயித்த வலியோன்னு நெனச்சேன்." மெத்தையின் முனையை மறுபடி பிடித்தார். "சொல்லாம வுட்டதும் நல்லதுதான் தம்பி. அந்த ரெண்டு மணி நேரம் எவ்ளோ சந்தோஷமா வந்தேன். அத யாரும் திருப்பி எடுத்துக்க முடியாதில்ல. ம், தூக்கு."

மண்டபத்துக்குப் பின்னால் ரயில் பாதை. மின்சார ரயில் வரும் நேரங்களை அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். இரண்டு ரயிலுக்கு நடுவில் ஒரு பாட்டு. மின்விசிறி சத்தம் விழும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டோம். ஆடிப் புழுக்கத்தில் மெத்தைகளுக்கு நடுவே எங்கள் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. முதல் பாட்டை அண்ணன் வழக்கம்போல் ஐந்து கட்டையில் வைத்தார். அண்ணி பாடினார். போட்டுக் கேட்டோம். கம்பெனி கேசட்டில் பாடிய பெண்ணைப் போலப் பாட முயலும் யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. மேலே போகுமிடத்தில் குரல் நூலாக இழுபட்டது.

அண்ணி ஹெட்போனைக் கழற்றினார். "மூணுல போடுங்க" என்றார்.

"கேசட்டு விக்கணும்ல" என்றார் அண்ணன்.

"எட்டு வருசமா அஞ்சுல பாடறேன். எனக்கு ஒரு நாளாவது தொண்ட வலிக்காம பாடணும். அது ரெக்கார்டிங்ல இருக்கணும்."

அண்ணன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடம் என்ற சொல் அவரைத் தொட்டிருக்க வேண்டும். பிறகு சுருதியை மூன்றுக்கு இறக்கினார். அண்ணி கண்ணை மூடி முதல் வரியை எடுத்தபோது, டோலக்கின் மேல் வைத்திருந்த என் விரல்களுக்கு அந்தக் குரலின் அதிர்வு வந்தது. மிகையாகச் சொல்லவில்லை. தோல் அதிர்ந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். பாட்டு முடியும்போது தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. "ஏம்மா, இவ்ளோ நாளா எங்க வச்சிருந்த இத?" என்றார் சவுண்ட் சர்வீஸ்காரர்.

நான்கு நாளில் ஏழு பாட்டுகளும் முடிந்தன. நாங்களே பணம் போட்டுப் பிரதி எடுத்த கேசட் வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒன்றை எடுத்துப் போய் ஏழே கால் வண்டி ஓட்டுநரிடம் கொடுத்ததுதான். தங்கள் வண்டியைப் பற்றி ஒரு பாட்டா என்று அவருக்கு ஆச்சரியம். அன்று போகும்போது போட்டார், வரும்போது போட்டார். அடுத்த வாரம் மற்ற கம்பெனி வண்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். மாமல்லபுரம் சாலையில் சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பாட்டு ஒலிப்பதை நானே கேட்டேன். தெரிந்த குரல் கல்லுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வண்டியில் எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தார்கள். கேன்டீனில் வேலை செய்யும் பெண்கள், ஓய்வு பெறப் போகிற ஃபிட்டர், பேசவே கூச்சப்படுகிற ஸ்டோர் கிளார்க். சினிமாப் பாட்டு வந்தால் வாயை அசைப்பவர்கள், அண்ணி பாட்டு வந்தால் வாய்விட்டுப் பாடினார்கள். ஃபிட்டர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இன்னாபா இது, உங்க அண்ணி பாட்டு மட்டும் எல்லாருக்கும் வருது? மத்த பாட்டெல்லாம் பாதி வழில தொண்ட கிழிஞ்சுடுது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று கட்டை. அது எல்லோரும் பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தக் குரல் விற்காது என்று ஒதுக்கினார்களோ, அந்தக் குரலோடு மட்டும்தான் ஒரு வண்டி ஜனமும் சேர்ந்து பாட முடிந்தது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். "இத்தக் கண்டுபிடிக்க உனக்கு எட்டு வருசமா?" என்று கேட்டுவிட்டு, தோசையைத் திருப்பிப் போட்டார்.

அடுத்த மாசித் திருவிழாவுக்குத் திருப்போரூரில் எங்களுக்கு நிகழ்ச்சி. அண்ணியின் சொந்த ஊர். மெல்லிசை மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு, பிடித்த பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அத்தனை வருடமும் எங்களுக்கு வந்தவை சினிமாப் பாட்டுச் சீட்டுகள்தான். அன்று மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஐந்தாறு சீட்டுகள் வந்தன. அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. ஏழே கால் வண்டி. ஒன்றில் பென்சிலால், 'எங்க ஊர்ப் பொண்ணு மூச்சு விடாம பாடணும்' என்று எழுதியிருந்தது.

அண்ணன் மைக்கில் எதுவும் அறிவிக்கவில்லை. சுருதியை மட்டும் வைத்தார். மூன்று. அண்ணி 'ஏழே கால்' என்று எடுத்ததுதான் தெரியும், மிச்ச வரி கூட்டத்திலிருந்து வந்தது. குளக்கரைப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள், வளையல் கடைக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், எல்லோரும். அண்ணி பாடுவதை நிறுத்தி மைக்கைக் கூட்டத்தை நோக்கித் திருப்பினார். ஒரு சரணம் முழுவதையும் ஊரே பாடியது. நான் தாளத்தை விட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி பாடச் சொன்னார்கள். பாடினோம். அன்று நான்கு முறை பாடினோம்.

கேசட்டுகள் போய் சி.டி. வந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே கம்பெனி முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் நாங்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை, அண்ணனைத் தவிர. வயதாகியிருந்தது. நேராக அண்ணியைப் பார்த்து, "நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன்மா. அடுத்த ஆல்பம் நாம பண்ணலாம்" என்றார். அண்ணன் முகத்தில் பழைய கோபம் ஏறியது. அண்ணி அவரை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அட்டையில முன்பக்கம் என் பேரு இருக்கணும். சுருதி நான் சொல்றதுதான். கோரஸுக்கு எங்க ஊர்ப் பொம்பளைங்களக் கூட்டியாருவேன்."

"பேரு, சுருதியெல்லாம் சரிம்மா. கோரஸுக்கு எங்ககிட்ட நல்ல ஆளுங்க இருக்காங்களே? நோட்ஸ் பாத்து அழகாப் பாடுவாங்க."

"அவங்க அழகாப் பாடுவாங்க சார். இவங்க என்கூடப் பாடுவாங்க."

முதலாளி காலி டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டு, "கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒரு வேனில் பதினான்கு பேர் போனோம். திருப்போரூரிலிருந்து அண்ணியுடன் நாற்று நட்டவர்கள், கேன்டீன் பெண்கள் மூவர், அண்ணன், நான். பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டார்கள். ஹெட்போனை மாட்டியதும் தங்கள் குரல் தங்களுக்கே கேட்பதில் வெட்கம் வந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் இளைஞர். முதலில் கொஞ்சம் பயந்துபோனவராகத்தான் தெரிந்தார். "சுருதி என்னம்மா?" என்று கேட்டார்.

"மூணு" என்றார்கள் பெண்கள் எல்லோரும் ஒன்றாக. அண்ணி வாயைத் திறக்கவே இல்லை.

ஏழே கால் வண்டியைப் புதிதாகப் பதிந்தோம். அண்ணி நடுவில் நின்றார், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். தலைக்குக் குளித்த ஈரம் காய்ந்துபோன வரியில் அந்தப் பெண்கள் சேர்ந்துகொண்டபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி இருக்கையிலிருந்து எழுந்து கண்ணாடி அருகே வந்து நின்றார். ஒரே டேக். கடைசி அடி முடிந்து, டோலக்கின் அதிர்வு அடங்கி, அறை முழுக்க அமைதி. ஒலிப்பதிவாளர் இன்னும் பட்டனை அழுத்தி நிறுத்தவில்லை. அப்போது கேன்டீன் அக்கா ஒருவர் பெரிய குரலில் கேட்டார்: "இன்னா, அவ்ளோதானா? இன்னொரு வாட்டி பாடலாமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் அண்ணிதான். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, அதே அடிவயிற்றுக் குரலில்.

ஒலிப்பதிவாளர் அதை வெட்டவில்லை. முதலாளியும் வெட்டச் சொல்லவில்லை. இன்றைக்கும் யாராவது கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டால், இசை முடிந்த பின் அந்தக் கேள்வி வரும், சிரிப்பு வரும். அண்ணிக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. பேரன் பேத்திகள் போட்டுக் காட்டும்போது பாட்டைக் கேட்டபடியே ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். கடைசியில் சிரிப்பு வருமிடத்தில் மட்டும் கை வேலையை நிறுத்திவிட்டு, பதிவில் சிரிக்கும் தன் பழைய குரலோடு சேர்ந்து சிரிப்பார். அதே சுருதியில்.